பிஎல்எக்ஸ்304-இல் மெக்1: மண்டபம் பக்கத்து ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

பாசிச் சாறு, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் கைனேஸ் நொதிகளின் பாதையைத் தடுக்கிறதா என்று மண்டபம், தொண்டிப் பக்கம் செல் வளர்த்துப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பாதையில் ஈஆர்கே கைனேஸைத் தூண்டும் மெக்1 கைனேஸின் மரபணுவை ஏற்றிய பிஎல்எக்ஸ்304 லென்டிவைரஸ் பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸைச் செய்ய உதவும் வட்ட டிஎன்ஏ) தாராளமாகப் போதும். மரபணுவை இயக்க சிஎம்வி ப்ரமோட்டர், புரதத்தின் வால் முனையில் அதை அடையாளம் காண வி5 டேக், பிளாஸ்மிட் ஏறியவற்றை மட்டும் பிழைக்க வைக்க பாக்டீரியாவுக்கு ஆம்பிசிலின் எதிர்ப்பு, செல்லுக்கு பிளாஸ்டிசிடின் எதிர்ப்பு. ஈஆர்கே வந்து ஒட்டும் இடம் மெக்1-இன் தலைப்பக்கம் இருப்பதால் வாலில் டேக் வருவது நல்லதே. இதே பிளாஸ்மிட்டில் சார்க் கைனேஸ் போடுவதென்றால் யோசிக்க வேண்டும். அதை அடக்கி வைக்கும் 530-ஆம் அமினோ அமிலமான டைரோசின் வால் நுனியில் உட்கார்ந்திருக்கிறது.

பிளாஸ்மிட் அகார் குத்தலாக, அதாவது அதைச் சுமக்கும் பாக்டீரியாவை அகாரில் குத்தி வைத்த குப்பியாக வரும். சித்திரை வெயிலில் மதுரை தாண்டி வண்டியில் கிடந்து வந்ததை மேசையில் போட்டு வைக்காமல், அன்றே ஆம்பிசிலின் தட்டில் கீறிவிடுங்கள். தட்டில் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக முளைப்பவற்றைத் தொடவே கூடாது. எஸ்டிபிஎல்3 பாக்டீரியாவில் 30 டிகிரியில் வளர்ப்பது உத்தமம். இரு முனையிலும் ஒரே மாதிரி எல்டிஆர் என்னும் டிஎன்ஏ துண்டு இருப்பதால் வேறு பாக்டீரியாவில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து நடுத்துண்டு கழன்று போகும். பிஎஸ்ஆர்ஜி1 நொதி, மரபணுவின் இருபுறமும் உள்ள அட் தளங்கள் இரண்டிலும் வெட்டும். பாக்டீரியாவிலிருந்து சிறிதளவு பிரித்தெடுத்த பிளாஸ்மிட்டை (மினிப்ரெப்) அதில் வெட்டி ஜெல்லில் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். மரபணுவுக்குள்ளும் அதன் தளம் உண்டா என்று வரைபடத்தில் முன்பே பாருங்கள்.

வைரஸ் செய்ய, 293டி செல் முக்கால்வாசி நிறைந்த 10 செ.மீ. தட்டுக்கு இந்தப் பிளாஸ்மிட் 10 மைக்ரோகிராம், வைரஸைக் கட்ட உதவும் துணைப் பிளாஸ்மிட்டுகளான பிஎஸ்பேக்ஸ்2 7.5 மைக்ரோகிராம், பிஎம்டி2.ஜி 2.5 மைக்ரோகிராம், டிஎன்ஏவைச் செல்லுக்குள் ஏற்றும் பிஈஐ 60 மைக்ரோகிராம். 48, 72 மணி நேரத்தில் வைரஸ் கலந்த வளர்ப்பு நீரை எடுத்து 0.45 மைக்ரான் பிஈஎஸ் வடிகட்டியில் வடியுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் வைரஸைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை உறைந்து உருகினாலே வீரியம் குறையும். கரண்டை நம்ப முடியாத ஊரில் அன்றைக்கே, வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிபிரீன் 8 மைக்ரோகிராம்/மி.லி. சேர்த்துச் சோதனைச் செல்லில் விடுவது மேல். உயிர்ப் பாதுகாப்புக் குழு அனுமதி கையில் இல்லாமல் இதையெல்லாம் தொடங்க வேண்டாம்.

பிளாஸ்டிசிடின் மெல்லக் கொல்லும் மருந்து. 5 முதல் 10 மைக்ரோகிராம்/மி.லி. வரை முதலில் வைரஸ் ஏறாத வெறும் செல்லில் சோதித்துவிட்டு, ஒரு வாரமாவது பொறுங்கள்.

பெரும்பாலோர் "பிளாஸ்மிட் வேலை செய்யவில்லை" என்று புலம்புவது இதற்குப் பிறகுதான். புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் சோதனையில் வி5 பட்டை நன்றாகத் தெரியும், பாஸ்போ-ஈஆர்கே (தூண்டப்பட்ட ஈஆர்கே) மட்டும் ஏறியிருக்காது. குற்றம் பிளாஸ்மிட்டில் இல்லை. சாதா மெக்1 எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேலுள்ள ராஃப் கைனேஸ் வந்து தட்டினால்தான் விழிக்கும். சீரம் நிறுத்திவிட்டு ஈஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைக் கொடுங்கள். அல்லது 218, 222 இரண்டு செரினையும் ஆஸ்பார்டேட்டாக மாற்றிய வடிவத்தை வாங்குங்கள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க, 97-ஆம் லைசினை மாற்றிய செத்த (வேலை செய்யாத) கைனேஸும் வேண்டும்.

பாசிச் சாற்றில் உப்பு மிச்சமிருந்தால் அதன் சவ்வூடு அழுத்தமே பி38 என்னும் வேறொரு கைனேஸைக் கிளப்பிவிடும். அதே அளவு உப்பு மட்டும் போட்ட ஒரு குழியையும் தட்டில் ஒதுக்குங்கள்.