தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: காபிக்காக மட்டும் போகாதீங்க

திருவனந்தபுரத்துல ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்கினா தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே செங்கல் கலர்ல, திருகாணி மாதிரி சுத்திக்கிட்டே மேல போற ஒரு கட்டடம் கண்ணுல படும், அதான் இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவில், திருநெல்வேலி பக்கமிருந்து ஆஸ்பத்திரி விஷயமா ஆர்சிசிக்கும் ஸ்ரீசித்ராவுக்கும் போறவங்க நிறைய பேர் இங்க காபி குடிச்சிருப்பாங்க, ஆனா இதை டிசைன் பண்ணது யாருன்னு கேட்டா தெரியாது. அதைச் சொல்லணும்னுதான் இந்த ரிவ்யூவே எழுதுறேன்.

சாப்பாடு முதல்ல. மசாலா தோசையப் பிரிச்சா உள்ள செக்கச்செவேல்னு இருக்கும், பீட்ரூட் போட்ட மசாலா, லேசா இனிப்பு தட்டும், எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்லெட்டும் அதே கலர்தான், சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடுங்க. நம்ம டிகிரி காபிய மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீங்க, இது வேற ருசி. விலை கையக் கடிக்காது. விசிறி மடிப்பு தலப்பாவும் வெள்ளை யூனிஃபார்முமா வர்றவங்கள சேட்டான்னு கூப்பிட்டு தமிழ்லயே ஆர்டர் சொல்லலாம், புரிஞ்சுக்குவாங்க. காபி போர்டு தன்னோட கடைகள மூடினப்போ வேலை போன தொழிலாளிங்க, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கூட நின்னு, 1950கள் கடைசில கூட்டுறவு சங்கமா ஆரம்பிச்சதுதான் கேரளாவுல இந்த காபி ஹவுஸ்.

இப்ப கட்டடத்துக்கு வரேன். உள்ள தனித்தனி மாடி கிடையாது, ஒரே சரிவுப் பாதை வட்டமா ஏறிக்கிட்டே போகுது, அந்தப் பாதைதான் ஹோட்டலே. வெளிச்சுவர ஒட்டி மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோட கட்டடமா கட்டியே வச்சிருக்காங்க. தரை சாயுது ஆனா மேஜை மட்டமா இருக்கு, காபி தளும்பாம நிக்குது, கையில தட்டோட சேட்டாக்கள் அந்தச் சரிவுல ஏறி இறங்குற வேகத்தப் பாக்கணும். சுவர் பூரா சின்னச் சின்ன ஓட்டை விட்ட ஜாலி வேலைப்பாடு, வெயில் துண்டு துண்டா மேஜையில விழும், காத்தும் அது வழியா வரும். மேல ஏறின பிறகு கீழ பஸ் ஸ்டாண்ட் சத்தம் தூரத்துல கேக்குற மாதிரி ஆயிடும். துண்டு நிலத்துல இவ்வளவு பேர உக்கார வைக்கிற வித்தை அந்த வட்டத்துலதான் இருக்கு.

கட்டினவர் லாரி பேக்கர். 1917ல இங்கிலாந்து பர்மிங்காம்ல பொறந்தவர், அங்கயே ஆர்க்கிடெக்சர் படிச்சாரு, ஆனா அப்புறம் செஞ்ச வேலையெல்லாம் பாருங்க. சண்டையே கூடாதுன்னு சொல்ற குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவச் சேந்தவர்ங்கறதால யுத்தத்துல துப்பாக்கி தூக்காம ஆம்புலன்ஸ் பிரிவுல சேந்து சீனாவுக்குப் போயி மயக்க மருந்து குடுக்குற வேலை பாத்தாரு, தொழுநோயாளிகளுக்கும் சேவை செஞ்சாரு. ஊருக்குத் திரும்புற வழியில கப்பலுக்காக பம்பாயில காத்துக்கிட்டு இருந்தப்போ காந்திய சந்திச்சாரு, அதுதான் அவர் வாழ்க்கையையே திருப்பி விட்டுச்சு. 1945ல தொழுநோய் மிஷன் வேலையா இந்தியாவுக்கு வந்தாரு, கேரளாவச் சேந்த டாக்டர் எலிசபெத்த 1948ல கல்யாணம் பண்ணி ரெண்டு பேரும் இமயமலை அடிவாரம் பித்தோராகர் போயி ஆஸ்பத்திரி நடத்தினாங்க, பதினஞ்சு வருஷத்துக்கு மேல! காலேஜ்ல படிச்ச ஸ்டீலும் கான்கிரீட்டும் அங்க உதவல, அக்கம்பக்கத்துல கிடைக்கிற கல்லு, மண்ணு, மரத்த வச்சு ஜனங்க எப்படி வீடு கட்டுறாங்கன்னு பாத்துப் பாத்து கத்துக்கிட்டாரு. 1963ல கேரளா மலைப்பக்கம் இருக்குற வாகமண் வந்தாங்க, அப்புறம் திருவனந்தபுரம். பேர் வாங்கின வேலைங்க பெரும்பாலும் அதுக்கப்புறம்தான் வருது, அதாவது அம்பது வயசு தாண்டி.

அவரோட ரெஸ்யூமேல இது எல்லாம் சம்பந்தமில்லாத வேலையா தெரியலாம். எனக்கு அப்படித் தோணல. நோயாளிக்கு காத்தும் வெளிச்சமும் வேணும், கைல காசு கிடையாதுன்னு இருக்குற இடத்துலயே பாதி ஆயுசு வேலை பாத்தவர் கையிலதான் ஏசி இல்லாத, விலை குறைஞ்ச, பஸ்ல இருந்து இறங்கி வர்ற யாரும் கூச்சப்படாம உள்ள நுழையுற ஒரு ஹோட்டல் இப்படி அமையும். முட்டி வலிக்காரங்க கூட மெதுவா சரிவுல ஏறிடுறாங்க, எங்க சித்தி ஏறினாங்க.

நேரம் இருந்தா ஆட்டோ பிடிச்சு உள்ளூர்னு (Ulloor) பேரு உள்ள ஏரியா பக்கம் இருக்குற சிடிஎஸ் (வளர்ச்சி ஆய்வு மையம்) கேம்பஸையும் வெளிய இருந்தாவது பாருங்க, அதுவும் 1970கள்ல அவர் ஆரம்பிச்ச வேலை, செங்கல்ல எப்படியெல்லாம் வளைச்சிருக்காருன்னு தெரியும். செங்கல்ல நிமித்தி வச்சு நடுவுல இடைவெளி விடுற ராட் ட்ராப் (rat trap, எலிப்பொறி) முறையில செங்கலும் குறையும், சூடும் உள்ள கம்மியாதான் வரும், வீடு கட்டப் போறவங்க இஞ்சினியர்ட்ட தாராளமா கேக்கலாம்.

குடும்பமா பத்து பேர் ஒரே மேஜையில உக்காரணும்னா இங்க முடியாது, பிரிஞ்சு உக்காருங்க. கூட்டம் இருந்தாலும் வாசல்ல நிக்காதீங்க, சுத்திக்கிட்டே மேல நடங்க, எங்கயாவது ஒரு பெஞ்சு காலியாகும். கட்டடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, சாப்பாட்டுக்கு நாலு.