கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி: அலமாரிக்கா, ஆடுவதற்கா?

நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவியான பழைய கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி ஒன்றையும், அதில் செருகி ஆடும் நாலைந்து கேட்ரிட்ஜ்களையும் வாங்க நினைப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, கொடுக்கும் காசு எதற்குப் போகிறது என்பதை. ஆடுவதற்கு வாங்குபவர் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு, அதாவது போர்டுக்கு. சேகரிப்பவர் கொடுப்பது அட்டைப்பெட்டிக்கு, கையேட்டுக்கு, நகம் படாத ஸ்டிக்கருக்கு. கையில் இருப்பது ஒரே கேட்ரிட்ஜ்தான் என்றாலும் சந்தையில் அது இரண்டு சரக்கு. இதைப் பிரித்துப் பார்க்காதவர்களில் ஆடுபவர் வேண்டாத அட்டைக்குப் பணம் அழுகிறார். சேகரிப்பவர் மேல்கூடு மாற்றிய பொருளை ஒரிஜினல் விலைக்கு வாங்கி வருகிறார்.

முதலில் கருவி. 2001-ல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸின் திரையில் வெளிச்சமே கிடையாது. அதோடு வெளியான காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன் போன்ற இருண்ட நிறம் கொண்ட ஆட்டங்களை விளக்குக்கு நேர்கீழே உட்கார்ந்துதான் ஆட முடியும். 2003-ல் வந்த எஸ்பி மடக்கி வைக்கும் வடிவம், சார்ஜ் செய்யும் பேட்டரி, திரைக்கு வெளிச்சம் என மூன்றையும் கொண்டுவந்தது. ஆனால் எஸ்பியிலேயே இரண்டு வகை உண்டு. ஏஜிஎஸ்-001-ல் வெளிச்சம் திரையின் முன்பக்கத்திலிருந்து விழுகிறது. நிறங்கள் சற்று வெளிறித் தெரியும். 2005-ல் வந்த ஏஜிஎஸ்-101-ல் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

விற்பவர்கள் 101 என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணை மட்டும் நம்பக்கூடாது. மேல்கூடு மாற்றும்போது ஸ்டிக்கரும் புதிதாக வந்துவிடுகிறது. கருவியை இயக்கி, நடுவில் உள்ள வெளிச்சப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 001 என்றால் வெளிச்சம் முழுவதும் அணையும். 101 என்றால் அணையாது, கூடும் குறையும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பொத்தானை அழுத்தும் வீடியோவைக் கேளுங்கள். ஜப்பானில் 101 விற்பனைக்கே வரவில்லை. ஜப்பானியக் கூட்டில் 101 திரை இருந்தால் யாரோ பிரித்து மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஆடுபவருக்கு அதனால் நஷ்டமில்லை, சேகரிப்பவருக்கு உண்டு.

ஆடுவது மட்டுமே நோக்கம் என்றால் 101-ஐத் தேடி அலைவது வீண் செலவு. வேலை செய்யும் 001 ஒன்றை மலிவாக வாங்கி ஐபிஎஸ் என்ற புதுவகைத் திரையை, கிட்டாக (மாற்றுப் பாகங்களின் தொகுப்பாக) விற்பதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மூலத் திரை 240க்கு 160 புள்ளிகள். 720க்கு 480 புள்ளி கொண்ட கிட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் சரியாக மூன்று மடங்காகும், எங்கும் கோணல் வராது. வேறு அளவுள்ள கிட்டுகளில் எழுத்துகளின் ஓரம் ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் மெலிந்தும் தெரியும். சில கிட்டுகளில் வெளிச்ச அளவை மாற்றும் வசதிக்கு மட்டும் ஒரு கம்பியைச் சால்டர் செய்ய வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டாலும் திரை ஓடும். புதிய திரை பழையதைவிடப் பேட்டரியைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பழைய எஸ்பியில் அடிக்கடி வரும் கோளாறு பவர் சுவிட்ச். முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தும் பவர் விளக்கு சிவப்பாக மாறுகிறது, அல்லது ஆட்டம் நடுவில் தானாக மறுபடி தொடங்குகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சின் உள்தகட்டில் களிம்பு பிடித்து மின்னழுத்தம் குறைந்து போகிறது. கருவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சுவிட்ச் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, முன்னும் பின்னும் இருபது முப்பது தடவை தள்ளி, நன்றாகக் காய்ந்த பிறகு இயக்குங்கள். பல கருவிகளுக்கு இதுவே போதும்.

அடுத்தது கேட்ரிட்ஜ் போடும் வாய். எஸ்பி பழைய கேம் பாய், கேம் பாய் கலர் கேட்ரிட்ஜ்களையும் ஏற்கும். அவற்றுக்கு 5 வோல்ட், அட்வான்ஸ் கேட்ரிட்ஜுக்கு 3.3 வோல்ட். எது உள்ளே வந்திருக்கிறது என்பதை வாயின் ஓரத்தில் உள்ள ஒரு சின்ன சுவிட்ச் கேட்ரிட்ஜின் வடிவத்தை வைத்துத் தீர்மானிக்கிறது. அதனால் வாங்கும்போது இரண்டு வகையிலும் ஒவ்வொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வகை ஓடி இன்னொன்று ஓடவில்லை என்றால் அந்தச் சுவிட்ச்தான் பழுது. தோள் பொத்தான்கள் இரண்டையும் பலமுறை அழுத்திப் பாருங்கள், மடக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று திறந்து மூடிப் பாருங்கள். ஹெட்போன் துளை கிடையாது. சார்ஜ் போடும் இடத்தில் செருகும் தனி அடாப்டர் வேண்டும்.

அட்வான்ஸ் ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவருக்கு எஸ்பியே தேவையில்லை. 2006-ல் வந்த நின்டெண்டோவின் இன்னொரு கையடக்கக் கருவியான டிஎஸ் லைட்டின் அடிப்பக்கத் துளையில் அதே கேட்ரிட்ஜ்கள் ஓடும், திரையும் பளிச்சென்று இருக்கும். கேட்ரிட்ஜ் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பழைய கேம் பாய் கேட்ரிட்ஜ் ஏறாது. கேபிள் போட்டு இருவர் ஆடவும் முடியாது. தனியாக ஆடுபவருக்கு இந்தக் குறைகள் எதுவும் உறைக்காது. காசு பார்த்துச் செலவு செய்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

கருவி எதுவானாலும் காசு கரைவது கேட்ரிட்ஜில்தான். அதிலும் போகிமான் வரிசையில் புழங்கும் போலிகளுக்குக் கணக்கே இல்லை. அந்த வரிசையின் எமரால்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரிஜினலின் கூடு ஊடுருவித் தெரியும் பச்சை. ரூபியும் சஃபையரும் அதேபோல் சிவப்பிலும் நீலத்திலும் ஊடுருவித் தெரியும். ஃபயர்ரெட்டும் லீஃப்கிரீனும் அப்படியல்ல, அவற்றின் கூட்டில் உள்ளே எதுவும் தெரியாது. ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வலப்பக்கத்தில் மையில்லாமல் அழுத்திப் பதித்த எண் மெல்லிய பள்ளமாகத் தெரிய வேண்டும். பிறகு கேட்ரிட்ஜைத் திருப்பி, பொன்முலாம் பூசிய கால்கள் இருக்கும் வாயின் உள்ளே பாருங்கள். கால்களுக்கு மேலே போர்டில் நின்டெண்டோவின் பெயர் அச்சாகியிருக்கும். போலிகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

பிரித்துப் பார்க்க அனுமதித்தால் இன்னும் நல்லது. கூட்டில் இருப்பது மூன்று கீற்று கொண்ட ஸ்க்ரூ. சாதாரணத் திருப்புளி வைத்து நெம்பினால் தலை தேய்ந்து, அப்புறம் யாராலும் கழற்ற முடியாது. உள்ளே ஒழுங்காக அச்சிட்ட சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பிசின் உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'உள் பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று தொடக்கத்தில் வரும் அறிவிப்பைக் காட்டி, ஒரிஜினல் என்பதற்கு இதுவே சாட்சி என்று சிலர் விற்பார்கள். கடிகாரச் சிப்பே இல்லாத போலியிலும் அதே அறிவிப்புதான் வரும். அது எதற்கும் சாட்சியில்லை.

ஆடுவதற்குத்தானே, போலியானால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரிஜினல் எமரால்டு நீங்கள் ஆடியதன் பதிவை, அதாவது சேவ், ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுகிறது, மின்சாரம் இல்லாமலே அது நிற்கும். பல போலிகள் மலிவான நினைவகத்தில் எழுதி, ஒரு சின்ன பேட்டரி செல்லின் தயவில் அதைக் காப்பாற்றி வைக்கின்றன. செல் தீர்ந்த அன்று நாற்பது மணி நேர ஆட்டம் காணாமல் போகும். கடைசிப் போட்டியை வென்றதும் சேவ் அழிந்துபோவது போலிகளைப் பற்றி அடிக்கடி வரும் புகார். டிஎஸ்ஸில் உள்ள டைமண்டு, பேர்ல் ஆட்டங்களுக்குப் போகிமான்களை மாற்றும்போதும் போலிகள் மாட்டிக்கொள்ளும். ஆக, போலி சேகரிப்பவரைப் போலவே ஆடுபவரையும் ஏமாற்றுகிறது.

செல் விஷயத்தை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றிலும் இருக்கும் சிஆர்1616 செல் கடிகாரத்துக்கு மட்டும். அது செத்தாலும் சேவ் போகாது. பழச்செடி வளர்வது போன்ற நேரம் சார்ந்தவை மட்டும் நிற்கும். ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் செல்லே கிடையாது. அதனால் தொல்லை இல்லாமல் ஆட மட்டும் விரும்புபவருக்கு ஃபயர்ரெட்தான் சரி. கேம் பாய் கலர் காலத்துப் போகிமான் ஆட்டங்களான கோல்டு, சில்வர் கதை வேறு. அங்கே சிஆர்2025 செல் ஒன்றே கடிகாரத்தையும் ஓட்டுகிறது, சேவ் பதிவையும் தாங்குகிறது. இரண்டு வேலை செய்வதால் சீக்கிரம் தீர்ந்துவிடும், தீர்ந்தால் சேவும் போய்விடும். 2000-ல் வெளியான கேட்ரிட்ஜில் அன்று போட்ட செல்லே இன்னும் இருந்தால், அதை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவது கடினமில்லை, பொறுமை வேண்டும். பழைய சேவ் முக்கியம் என்றால் முதலில் ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற ரீடரில் செருகிக் கணினியில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். செல்லைக் கழற்றிய நொடியில் கோல்டின் சேவ் அழிந்துவிடும். கேம் பாய் காலத்துக் கேட்ரிட்ஜுக்கு 3.8 மில்லிமீட்டர் தனித் திருப்புளி தேவை. பாசிட்டிவ், நெகட்டிவ் எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் செல்லில் தகட்டுக் கால்கள் முன்பே பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் செல்லின் மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் செல் கெடும், வெடிக்கவும் கூடும். 350 டிகிரி சூட்டில், ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடிக்கு மேல் முனையை வைக்காதீர்கள். அதிகம் வைத்தால் போர்டிலிருந்து செம்பு உரிந்து வரும். டேப் ஒட்டிச் செல்லை நிறுத்துவது வேண்டாம். பையில் குலுங்கும் ஒரு நாளில் தொடர்பு விட்டுப் போகும்.

எமரால்டில் புதிய செல் போட்டும் செடி வளரவில்லை என்று பலர் தலையில் கை வைக்கிறார்கள். கடிகாரம் முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது, பழைய சேவிலோ அதைவிடப் பல நாள் தள்ளிய கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. புதுக் கடிகாரம் அந்த நாளை எட்டும்வரை எதுவும் நகராது. புதிய ஆட்டம் தொடங்கினால் உடனே சரியாகிவிடும்.

சேகரிப்பவர் செல்லை மாற்றலாமா? கோல்டு போன்றவற்றில் மாற்றுங்கள், பழைய செல்லை ஒரு சின்ன உறையில் போட்டுக் குறிப்பெழுதி வையுங்கள், விற்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். எமரால்டில், சால்டர் படாத போர்டை அப்படியே விடுவதுதான் எங்கள் கட்சி. சேவ் எப்படியும் பத்திரம்.

அட்டைப்பெட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மெல்லிய அட்டை, எளிதில் நசுங்கும், அதனால்தான் விலை. பெட்டி, உள்ளே கேட்ரிட்ஜைத் தாங்கும் அட்டைத் தட்டு, கையேடு, துண்டுத் தாள்கள் என ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்; உள்தட்டு இல்லாத பெட்டி முழுமையல்ல. ஃபயர்ரெட்டின் முதல் வெளியீட்டுப் பெட்டியில் வயர்லெஸ் அடாப்டரும் சேர்ந்தே வந்தது, அது இல்லாவிட்டால் விலையைக் குறைத்துப் பேசலாம். சீல் பிரிக்காதவற்றின் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். 2021 ஜூலையில் சீல் பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போன பிறகு, சும்மா கிடந்த பெட்டிகளுக்கும் வாய்க்கு வந்த விலை சொல்லத் தொடங்கினார்கள். யாரும் ஆடப்போகாத ஆட்டத்தைப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து மதிப்பெண் போடுவதில் எங்களுக்கு ஈடுபாடு இல்லை.

கேட்ரிட்ஜே வேண்டாம், ஆட்டம் போதும் என்றால் வழிகள் உண்டு. 2023 பிப்ரவரியிலிருந்து நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் சேவையின் கூடுதல் கட்டணத் திட்டத்தில் மினிஷ் கேப், மாரியோ கார்ட்: சூப்பர் சர்க்யூட் போன்றவை கிடைக்கின்றன. ஆனால் சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும். முன்பு நின்டெண்டோவின் வீ யூ கருவிக்கான இணையக் கடையில் காசு கொடுத்தே அட்வான்ஸ் ஆட்டங்களை வாங்க முடிந்தது. 2023 மார்ச் 27-ல் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கேட்ரிட்ஜ் வாங்குவதற்கு இதைவிடப் பலமான நியாயம் கிடையாது. எவர்டிரைவ், ஈஸி-ஃப்ளாஷ் (EZ-Flash) ஒமேகா போன்ற ஃப்ளாஷ் கார்டுகள், சொந்தக் கேட்ரிட்ஜிலிருந்து எடுத்த நகல்களை ஒரே மெமரி கார்டில் வைத்து ஆட உதவும். 2021 டிசம்பரில் 219.99 டாலருக்கு வந்த அனலாக் பாக்கெட் என்ற கையடக்கக் கருவி ஒரிஜினல் கேட்ரிட்ஜ்களையே ஏற்கும். 1600க்கு 1440 புள்ளித் திரையில் கேம் பாய் ஆட்டம் சரியாகப் பத்து மடங்காக நிற்பது கண்ணுக்கு விருந்து.

ஜப்பானியப் பதிப்புகளையும் பாருங்கள். அட்வான்ஸ் கேட்ரிட்ஜுக்கு வட்டாரப் பூட்டு கிடையாது. எழுத்து குறைவாக உள்ள பந்தயம், புதிர் வகைகளை மொழி தெரியாமலே ஆடலாம், விலையும் பெரும்பாலும் குறைவு. கதை சார்ந்தவற்றுக்கு இது உதவாது.

வாங்கியவுடன் கேட்ரிட்ஜின் கால்களைத் துடையுங்கள்: 99 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி, கறுப்பு வருவது நிற்கும்வரை, பிறகு உலர்ந்த குச்சியால் ஒருமுறை. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். எஸ்பியை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால், பின்மூடியின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி 600 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதி சார்ஜில் வெளியே எடுத்து வையுங்கள். மூடி சமமாக உட்காராமல் நடுவில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. அதைச் சார்ஜில் போடவே கூடாது.