ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்ததும் சின்ன ஊர்களில் எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். அரசு மேல்நிலைப் பள்ளியா, பழைய உதவிபெறும் பள்ளியா, வேன் வந்து ஏற்றிப்போகும் மெட்ரிக்கா?

உடனே தேர்ச்சி விகிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 2025 பிளஸ் டூவில் அரசுப் பள்ளிகள் 91.94 சதவீதம், உதவிபெறும் பள்ளிகள் 95.71, தனியார் 98.88. தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தால் 95.03. சரி, ஆனால் அந்த ஏழு சதவீத இடைவெளியில் கற்பித்தலின் பங்கு எவ்வளவு, உள்ளே வரும் பிள்ளைகளின் வீட்டு நிலைமையின் பங்கு எவ்வளவு?

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஜூனிலும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அறை வாசலில் நான்கைந்து அம்மாக்கள் டி.சி.யைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "பத்தாவதுல உங்க பையன் தேறமாட்டான், வேற இடம் பாருங்க" என்று தனியார் பள்ளியில் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். அந்தப் பையன் தவறினால் கணக்கு அரசுப் பள்ளியின் பேரில்தான் ஏறும். வந்தவரை மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் பள்ளியையும் பொறுக்கி எடுக்கும் பள்ளியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமே இல்லை.

யார் எங்கே படிக்கிறார்கள் என்றும் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், பட்டியல் சாதிக் குடும்பங்கள், வீட்டில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதிக்கும் பிள்ளைகள், இவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில்தான். ஒரே வீட்டில் அண்ணனுக்கு மெட்ரிக், தங்கைக்கு அரசுப் பள்ளி என்பதும் சகஜம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஏழைப் பிள்ளைகள் என்றால் தேர்ச்சி குறையும் என்று விதி ஒன்றும் கிடையாது. 2025இல் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது அரியலூர், 98.82 சதவீதம். சிமென்ட் ஆலைகளும் முந்திரிக் காடுகளுமான மாவட்டம். அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் அதுதான் முதலில் நின்றது.

பாடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2011இல் சமச்சீர் கல்வி வந்த பிறகு மெட்ரிக்குக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. மெட்ரிக்கில் கூடுதலாகக் கிடைப்பது ஆங்கிலப் பழக்கமும் கண்டிப்பான நேர ஒழுங்கும். அதற்குக் கட்டணம், வேன் வாடகை எல்லாம் உண்டு.

அரசுப் பள்ளியின் உண்மையான பலவீனம் காலிப் பணியிடம். இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இல்லாமல் பாதி வருடம் ஓடிவிட்டால், அந்த இழப்பை எந்த இலவச சைக்கிளும் ஈடுகட்டாது.

ஆனால் ஆறாம் வகுப்பிலேயே முடிவெடுக்க ஒரு காரணம் இருக்கிறது. 2020இல் வந்த மருத்துவ இடங்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த 1,000 ரூபாய் உண்டு, 7.5 மட்டும் கிடையாது. எட்டாம் வகுப்பில் மனம் மாறி வருகிறவர்கள் இதைத் தெரியாமல் இழக்கிறார்கள்.

சேர்க்கைக்குப் போகும்போது எந்தப் பள்ளியிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்பதாவதில் இருந்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே பத்தாவது எழுதினார்கள்? கணக்குக்கும் அறிவியலுக்கும் இப்போது நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா?