297 டாலர் கொடுத்து அப்பாவின் எச்சிலைத் தாரை வார்த்த கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "சரி, தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வலையில் ஏற்கெனவே விழுந்தவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எச்சிலை அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் ஆன்லைன் சேவைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்கும் நான்தான் செலவு செய்ய வேண்டும். செய்திகளில் பெயர் அடிபட்ட கம்பெனி இல்லை. அதைவிடச் சின்னது, அதனால் ஒழுங்காக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் கணக்கு. எச்சிலைப் பிடித்து அனுப்பும் கிட் ஒன்று 99 டாலர். எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. உறவினர்களைத் தேடித் தரும் சந்தா முதல் வருஷம் இலவசம், அடுத்த வருஷம் தானாக 99 டாலர். ஆக 297 டாலர். அந்தக் கடைசி 99-ஐ எப்போது எடுத்தார்கள் தெரியுமா? "எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்று நான் மெயில் போட்டு ஐந்து நாள் கழித்து.

அப்பாவுக்கு 74 வயது. தன் தாத்தாவுக்கு மேல் யாரையும் தெரியாது என்று அடிக்கடி சொல்வார். அந்த ஏக்கத்தைத் தீர்த்து வைக்கலாம் என்றுதான் வாங்கினேன். பணம் கட்டுவதற்கு முன் நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. சாட்டில் கேட்டேன்: "எங்கள் தரவு வேறு யாருக்காவது போகுமா?" அரை நிமிஷத்தில் பதில் வந்தது. "உங்கள் மரபணுத் தரவு உங்களுடையது. எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம்." பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் வேறு. அந்தப் பூட்டைப் பார்த்துதான் நம்பினேன். ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

கிட் வந்த நாளை மறக்க முடியவில்லை. துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாயில் ஒரு கோடு இருக்கும், அதுவரை எச்சில் நிரம்ப வேண்டும். நுரை கணக்கில் வராது. எனக்கு நாலு நிமிஷத்தில் முடிந்தது. அப்பாவுக்கு வாய் உலர்ந்து போய், துப்பத் துப்ப நுரைதான் ஏறியது. கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, விட்டு விட்டு, இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தார். நடுவில் ஒரு கேள்வி கேட்டார்.

"இதை வெச்சு அவங்க என்னம்மா பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா. நம்ம முன்னோர் எங்கேருந்து வந்தாங்கன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான்."

அந்த "ஒண்ணும் பண்ண மாட்டாங்க" இருக்கிறதே, அதுதான் இந்த ஒரு வாரமாக என்னைத் தூங்க விடவில்லை. மூடியை அழுத்தியதும் அதற்குள் இருந்த திரவம் எச்சிலோடு கலந்தது. குலுக்கிப் பைக்குள் போட்டு ஒட்டினேன். பிறகு அப்பா பெயரில் கணக்கைத் திறந்ததும், ஒப்புதல் பக்கத்தில் "ஆம்" கொடுத்ததும் என் போனில், என் விரலால். நாலு கேள்விகள். மாதிரியைப் பத்திரப்படுத்தலாமா, ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, உறவினர்களோடு பொருத்திப் பார்க்கலாமா, இன்னொன்று என்னவென்றே நினைவில்லை. ஒவ்வொன்றிலும் "ஆம்" பெரிய பச்சைப் பொத்தான். "வேண்டாம்" அதன் கீழே, கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில். அப்பா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் கேட்கவே இல்லை.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. கலர் கலராக ஒரு வரைபடம், சில சதவீதங்கள். பெரும்பாலும் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். சில மாதம் கழித்துப் பார்த்தால் சதவீதமே மாறியிருந்தது, முன்னோர்கள் மனசு மாறிவிட்டார்கள் போல. விசாரித்தால், நம் டிஎன்ஏவில் உள்ள 300 கோடிச் சொச்சம் எழுத்துகளில் ஆறேழு லட்சம் இடங்களை மட்டும்தான் ஒரு சிப்பில் படிக்கிறார்களாம். அதைத் தங்களிடம் உள்ள, பூர்வீகம் தெரிந்தவர்களின் மாதிரிக் கூட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது ஒரு மதிப்பீடு. கூட்டம் மாறினால் பதிலும் மாறும். இதற்குத்தான் 297 டாலர்.

சரி, ஏமாந்தது பணத்தோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். இரண்டு மாதம் முன்பு ஒரு மெயில். "எங்கள் பயணத்தில் ஒரு புதிய அத்தியாயம்!" என்று தலைப்பு. கம்பெனி கை மாறுகிறதாம், தனியுரிமைக் கொள்கை திருத்தப்படுகிறதாம், தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கொள்கையை உட்கார்ந்து படித்தேன். கம்பெனி விற்கப்பட்டாலோ, இணைந்தாலோ, திவாலானாலோ வாடிக்கையாளர் தகவலும் சொத்தோடு சொத்தாகக் கை மாறலாம் என்று முதல் நாளிலிருந்தே அதில் இருந்திருக்கிறது. மேஜை நாற்காலி லிஸ்டில் அப்பாவும் இருக்கிறார்.

இது வெறும் பயம் இல்லை. இந்தத் தொழிலில் பெரிய பெயரான டுவென்டித்ரீ அண்ட் மீ 2025 மார்ச்சில் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு அதனிடம் இருந்தது. உங்கள் தரவை அழித்துக்கொள்ளுங்கள் என்று கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே மக்களுக்குச் சொன்னார். ஒரு மருந்துக் கம்பெனி ஏலம் கேட்டது, கடைசியில் நிறுவனர்களில் ஒருவரே நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு எடுத்தது. நல்லவேளை என்று சொல்லலாம். ஆனால் யார் எடுப்பார்கள் என்பதில் துப்பியவர்களுக்கு ஓட்டு கிடையாது.

அதே கம்பெனியில் 2023-ல் நடந்ததைக் கேளுங்கள். வேறு தளங்களில் திருடுபோன பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்து, சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். வெளியே போனதோ ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல். எப்படி? ஒவ்வொரு கணக்கிலும் தெரியும் உறவினர் பட்டியல் வழியாக. ஒரு வீட்டுச் சாவியைத் திருடினால் தெருவே திறந்துகொண்ட மாதிரி. அந்த 69 லட்சத்தில் முக்கால்வாசிக்கு மேல் பாஸ்வேர்டை ஒழுங்காக வைத்திருந்தவர்களாகக்கூட இருக்கலாம், அதனால் என்ன பிரயோஜனம்?

இதையெல்லாம் படித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால் வெடித்துவிட்டான்.

"அக்கா, நீ துப்புனதுல பாதி நானும்தான். அப்பாவையும் சேர்த்துக் குடுத்திட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

என்னிடம் பதில் இல்லை. அப்பாவின் டிஎன்ஏவில் பாதி அவனிடம் இருக்கிறது. எனக்கும் அவனுக்கும் பொதுவானது ஏறக்குறைய பாதி. அவன் எந்தக் குழாயிலும் துப்பவில்லை, எந்தப் பச்சைப் பொத்தானையும் அழுத்தவில்லை, ஆனாலும் அப்பா வழிப் பாதி முழுசும், அம்மா வழிப் பாதியில் என் மூலமாக ஏறக்குறைய பாதியும் சேர்த்து முக்கால்வாசி உள்ளே போய்விட்டான். அவன் பிள்ளைகளும்தான். 2018-ல் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' என்ற தொடர் கொலைகாரனை அமெரிக்கப் போலீஸ் பிடித்தது இப்படித்தான். அவன் தன் டிஎன்ஏவை எங்கும் கொடுத்ததில்லை. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த டிஎன்ஏவை, ஜெட்மேட்ச் என்ற தளத்தில் தூரத்துச் சொந்தக்காரர்கள் ஏற்றி வைத்திருந்ததோடு பொருத்திப் பார்த்து, வம்ச விருட்சம் போட்டு அவன் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கொலைகாரன் மாட்டியது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2020-ல் அதே தளத்தை யாரோ ஹேக் செய்து, போலீசுக்குக் காட்ட வேண்டாம் என்று சொன்னவர்களின் விவரத்தையும் சில மணி நேரம் திறந்து விட்டார்கள். "வேண்டாம்" என்று நாம் அழுத்துகிற பொத்தானுக்கு அவ்வளவுதான் ஆயுசு.

தம்பி அப்போது ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான், அதனால் அவனுக்குக் கூடுதல் எரிச்சல். அமெரிக்காவில் 2008-ல் இதற்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். மருத்துவக் காப்பீட்டுக்காரரும் வேலை கொடுப்பவரும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆயுள் காப்பீடு அதில் வராது. அதுவும் போக, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ரத்தத்துக்கு இருக்கும் ரகசியக் காப்பு இந்த எச்சில் குழாய்க்கு அங்கே கிடையாது, ஏனென்றால் இவர்கள் ஆஸ்பத்திரி இல்லை, கடை.

இனி இவர்கள் என்னை அலைக்கழித்த கதை. "எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம்" என்றார்களே.

முதல் மெயிலுக்கு, "உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று தானியங்கிப் பதில். இரண்டாவதுக்கு, அமைப்புகள் பக்கத்தில் நீங்களே செய்துகொள்ளலாம் என்றார்கள். அங்கே போய் என் கணக்கை அழித்தேன். அப்பாவின் கணக்கில் அந்தப் பொத்தானே இல்லை. கேட்டால், கணக்கு உரிமையாளரே கேட்க வேண்டுமாம், அவருடைய அடையாள அட்டை நகல் வேண்டுமாம். அனுப்பினேன். கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார்கள், அனுப்பினேன். அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி என்றார்கள். 74 வயது மனிதர் ஜன்னல் பக்கம் நின்று, அட்டையை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "சரியா இருக்காம்மா?" என்று கேட்கிறார். துப்பும்போது இது யார் எச்சில் என்று ஒருத்தரும் கேட்கவில்லை! உள்ளே போக ஒரு விரல் போதும், வெளியே வர முகம், பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் வேண்டும். அதாவது அழிக்கச் சொல்லி, அவர்களிடம் இல்லாத மிச்சத் தகவலையும் நானே கொடுத்திருக்கிறேன்.

லேபில் உள்ள எச்சில் மாதிரி என்ன ஆனது என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "உங்கள் கோரிக்கை எங்கள் கூட்டாளி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." ஆய்வுக்குப் போன தரவு? "ஏற்கெனவே ஆய்வில் சேர்ந்ததைத் திரும்பப் பெற இயலாது." எல்லாமே போய்விடுமா? "சட்டப்படி வைத்திருக்க வேண்டிய சில தகவல்கள் நீங்கலாக." எந்தத் தகவல்கள் என்று கேட்ட மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. ஒவ்வொரு மெயிலிலும் ஒவ்வொரு ஆள் பெயர். ஒவ்வொரு முறையும் கதையை அ-விலிருந்து சொல்ல வேண்டும். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: "இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்!"

அந்த 99 டாலர் சந்தாவையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "உங்கள் கணக்கு நீக்கப்பட்டுவிட்டதால், உங்கள் கட்டண விவரத்தைச் சரிபார்க்க எங்களால் இயலவில்லை." படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பணம் பிடிக்க நான் இருக்கிறேன், திருப்பித் தர நான் இல்லை. வங்கியில் புகார் கொடுத்தேன், நீங்களே ஒப்புக்கொண்ட தானியங்கிப் புதுப்பிப்பு என்று கையை விரித்துவிட்டார்கள். 297 டாலர் போனது போனதுதான்.

யோசனை சொல்கிறேன் என்றேன் அல்லவா, இப்போதே மணி ஒன்றாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வாங்காதவர்கள் வாங்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களா, கணக்கை அழிப்பதற்கு முன்னால் ஆய்வு ஒப்புதலையும் உறவினர் தேடலையும் நிறுத்துங்கள், சந்தாவை ரத்து செய்யுங்கள், கார்டு எண்ணை எடுத்துவிடுங்கள், கட்டண ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். மாதிரியை அழிக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கேளுங்கள், கணக்கை அழித்தால் எச்சிலும் அழிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு. சாட்டில் யார் என்ன சொன்னாலும் ஸ்கிரீன்ஷாட். பெற்றோருக்காக, பிள்ளைகளுக்காக நீங்கள் "ஆம்" அழுத்தாதீர்கள். இவ்வளவுதான் தோன்றுகிறது.

பின்குறிப்பு: அப்பாவின் கணக்கு "நிரந்தரமாக நீக்கப்பட்டது" என்று திங்கட்கிழமை மெயில் வந்தது. இன்று வியாழன். சற்று முன் அவர் பெயருக்கு இன்னொரு மெயில்: "நல்ல செய்தி! உங்களுக்குப் புதிதாக 14 உறவினர்கள் கிடைத்திருக்கிறார்கள்." இந்தத் தடவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.