டெவன் மண்வீடா, யார்க்ஷயர் கல்வீடா? புல்வெளியோடு விலைக்கு வரும் பழைய காட்டேஜ்கள்

இங்கிலாந்தில் "பழங்கால காட்டேஜ், பெரிய தோட்டம், பேடக்" என்று விளம்பரம் வந்தால், முதல் படத்தில் ரோஜாக்கொடி படர்ந்த முன்வாசல் இருக்கும். பேடக், அதாவது குதிரையோ ஆடோ மேய விடும் வேலியடைத்த புல்வெளி, கடைசிப் படங்களில்தான் தலைகாட்டும். வாங்கிய பிறகு காசைத் தின்பது என்னவோ கூரையும் அந்தப் புல்வெளியும்தான். அதனால் தென்மேற்கே இருக்கும் வடக்கு டெவன், வடக்கே மலைப் பள்ளத்தாக்குப் பகுதியான யார்க்ஷயர் டேல்ஸ் இரண்டையும் அந்த வழியிலேயே பார்ப்போம்.

டெவன் வீட்டின் சுவர் களிமண்ணும் வைக்கோலும் மிதித்துக் குழைத்து எழுப்பியது. 'காப்' என்பார்கள். கனம் சுமார் இரண்டடி, கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் இருந்தால் காப் வீடு அசையாது என்பது அந்த ஊர்ச் சொலவடை. கூரை ஒழுகக்கூடாது, கல் அடித்தளத்தில் ஈரம் ஏறக்கூடாது, அவ்வளவுதான். கெடுப்பது பெரும்பாலும் பிற்காலத்தில் யாரோ பூசிவிட்டுப் போன சிமென்ட். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும். மண் ஊறி ஊறிச் சுவர் சரிந்துவிடும். பார்க்கப் போகும்போது வெளிச்சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று அர்த்தம். விற்பதற்காகப் புதிதாக வெள்ளையடித்த வீடு என்றால் இன்னும் நாலு இடத்தில் தட்டலாம், ஏஜென்ட் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கூரை கோதுமை வைக்கோலில் வேய்ந்ததாக இருந்தால் சுமார் 25 முதல் 35 வருடம் வரும். முகட்டை மட்டும் 10-15 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். தீப்பிடிக்கும் பயத்தால் இன்சூரன்ஸும் கூடுதல்.

டேல்ஸ் பக்கம் சுவரும் கல், கூரையும் கல். பலகைபோல் பிளந்த கற்களை அடுக்கியிருப்பார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தாங்கும் மரச்சட்டமும் ஆணியும்தான் கெட்டுப்போகும். கழற்றி, சட்டம் மாற்றி, அதே கல்லைத் திரும்ப ஏற்றலாம். உடைந்ததற்கு ஈடு தேடினால் விலை எகிறும் என்பது வேறு விஷயம். ஜன்னல்கள் சின்னவை, உள்ளே இருட்டு, குளிர் எலும்பைத் துளைக்கும். அழகுக்கு மட்டும் ஓட்டு என்றால் டெவன்தான்.

நிலத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. வடக்கு டெவனில் பல இடங்களில் தண்ணீரை விடாத கனத்த களிமண். மழைக்காலத்தில் கேட் பக்கம் குதிரை கணுக்கால் அளவு புதையும், புல் மிதிபட்டுச் சேறாகிவிடும். எனவே நிலத்தை ஜூனில் பார்த்து மயங்காதீர்கள், பிப்ரவரியில் போய் நில்லுங்கள். டேல்ஸின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தண்ணீர் வடிந்துவிடும். புல் குறைச்சல்தான், குளிர்காலத்துக்கு உலர்ந்த புல் வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் மட்டக்குதிரை வளர்ப்பவருக்கு அதுவே லாபம். கறவை மாட்டுக்கென்று விதைத்த கொழுத்த புல்லைத் தின்றால் அதற்குக் குளம்புக்குள் அழற்சி கண்டு வலிக்கும் லாமினைட்டிஸ் வரும். ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் என்பது பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி சொல்லும் கணக்கு. டேல்ஸில் அதற்குக் கொஞ்சம் கூடவே பாருங்கள். சாந்தில்லாமல் அடுக்கிய எல்லைச் சுவர் உறைபனியில் அங்கங்கே சரியும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. விவசாய நிலத்தில் குதிரை மேயலாம். பொழுதுபோக்குக்கு அங்கேயே தீனி போட்டு வளர்ப்பதென்றால் நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதி வேண்டும். தோட்டத்தை பேடக்குக்குள் நீட்டுவதும் அப்படித்தான். பாரம்பரியச் சின்னமாக அரசு பட்டியலிட்ட கட்டடமாக இருந்து, பழைய உரிமையாளர் அனுமதியில்லாமல் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்தால் அதை மாற்றச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்கு வரும். டேல்ஸில் தேசியப் பூங்கா ஆணையம்தான் திட்ட அனுமதி தருவது, அங்கே கெடுபிடி அதிகம். எப்போதாவது வந்து தங்கும் இரண்டாவது வீடாக நினைத்தால், 2025 ஏப்ரல் முதல் கவுன்சில் வரியை (உள்ளாட்சி வசூலிக்கும் வீட்டுவரி) இரட்டிப்பாக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. நார்த் யார்க்ஷயர் அதைச் செய்தும்விட்டது.

என் கணக்கு இது: குதிரைக்காக வாங்குபவர் டேல்ஸ் போகட்டும். தோட்டம் போதும், புல்வெளி சும்மா பார்க்கத்தான் என்பவருக்கு டெவன், அதுவும் கூரை வேய்ந்து பத்து வருடத்துக்குள் இருந்தால். எங்கே வாங்கினாலும் பத்திரவேலை பார்க்கும் வக்கீலான சொலிசிட்டரிடம் மூன்று கேள்வி: புல்வெளி குறுக்கே பொதுப்பாதை போகிறதா? செப்டிக் டேங்க் நேராக ஓடையில் விடுகிறதா (2020 ஜனவரி முதல் அது கூடாது)? பின்னால் பேடக்கில் வீடு கட்ட அனுமதி கிடைத்தால் லாபத்தில் பங்கு கேட்கும் ஷரத்தைப் பத்திரத்தில் விற்பவர் செருகியிருக்கிறாரா?