தீர்ப்பாணைக்குப் பின் பட்டா மாற்றம்: இடைத்தரகரிடம் ஒப்படைப்பவர்கள் கவனத்திற்கு

நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க அரசு நடத்திய யு.டி.ஆர். நில அளவையின்போது என் சித்தப்பாவின் புன்செய் நிலத்தில் ஒரு பகுதி பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவில் ஏறிவிட்டது. அதற்காக அவர் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில், நிலம் தமக்கே உரியது என்று அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்குத் தொடுத்து, நீண்ட காலம் நடத்தி, தமக்குச் சாதகமான தீர்ப்பாணையையும் (தீர்ப்பின் முடிவைத் தனியாகச் சொல்லும் ஆணை, டிக்ரி) பெற்றார். வழக்கில் வென்றவரை ஏமாற்றியது எதிர்த்தரப்பு அன்று. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருந்த ஓர் இடைத்தரகர்.

உட்பிரிவுக் கட்டணம், அதாவது ஒரே சர்வே எண்ணில் உள்ள நிலத்தை அளந்து பிரிப்பதற்கான கட்டணம் என்று ஒரு தொகையை முதலில் வாங்கிக்கொண்டார். பின்னர், தீர்ப்பாணையை நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டதால் விலக்குப் பெறச் செலவாகும் என்று பயமுறுத்தி இன்னொரு தொகை. பதிவுச் சட்டம் 1908, 23ஆம் பிரிவில் அப்படியொரு காலவரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பாணையைப் பதிவு செய்ய அந்த வரம்பு தடையாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. இரண்டு தொகைக்கும் ரசீது இல்லை.

சில மாதங்கள் கழித்துச் சித்தப்பாவின் பெயர் அச்சிட்ட ஒரு பட்டா நகலைத் தரகர் கொடுத்தார். பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் அதைக் கொடுத்தபோது, அங்கிருந்த செயலாளர் அதில் இருந்த குறிப்பு எண்ணை அரசின் இ-சேவை இணையதளத்தில் இட்டுப் பார்த்தார். திரையில் வந்தது பழைய பட்டாதாரரின் பெயர்! வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தபின்தான் முழு விவரமும் தெரிந்தது. நிலத்தின் ஒரு பகுதியைப் பிரிக்க வேண்டியிருந்தும், விண்ணப்பம் உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் என்ற வகையில் போடப்பட்டிருந்தது. தீர்ப்பின் சாதாரண நகல் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தது. சொத்து விவர அட்டவணையோடு கூடிய தீர்ப்பாணையே இல்லை. அட்டவணையில் உள்ள பழைய சர்வே எண் இன்றைய எந்த எண்ணுக்கு உரியது என்பதற்கான ஆவணமும் இல்லை. எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. நிராகரிப்பைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி சித்தப்பாவுக்கு வரவே இல்லை, ஏனென்றால் விண்ணப்பத்தில் தரகர் கொடுத்திருந்தது தம்முடைய கைப்பேசி எண். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும் காலமும் அதனால் கைநழுவியது. என் பார்வையில் போலிப் பட்டாவை விடப் பெரிய மோசடி இதுதான்.

தீர்ப்பாணை வந்துவிட்டால் வருவாய்ப் பதிவேடு தானாக மாறிவிடாது. ஆனால் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983, 14ஆம் பிரிவின்படி, உரிமையியல் நீதிமன்றம் அளிக்கும் விளம்புகைக்கு ஏற்பப் பதிவு திருத்தப்பட்டாக வேண்டும். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டின் சான்றிட்ட நகல்களையும், மேல்முறையீடு இல்லை என்பதற்கான சான்றையும், நிலத்தின் புலப்பட (எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) நகலையும் இணைத்து, சரியான வகையில், சொந்தக் கைப்பேசி எண்ணோடு நீங்களே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறது என்று சொல்லிக் காலம் கடத்தினால், தடையாணை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. பாகப்பிரிவினை வழக்கென்றால் முதல்நிலைத் தீர்ப்பாணை போதாது. உரிய முத்திரைத்தாளில் எழுதப்பட்ட இறுதித் தீர்ப்பாணை வேண்டும். பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும் ஆணையை வைத்துக்கொண்டு எந்த நில அளவர் எங்கே கல் நடுவார்?

இப்போது சித்தப்பா புதிதாக, நேரடியாக விண்ணப்பித்திருக்கிறார். நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு முன்மொழிந்திருக்கிறார். வட்டாட்சியரின் ஆணை வர வேண்டியிருக்கிறது. போலிப் பட்டா குறித்துக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு மனு ரசீது மட்டும் கிடைத்திருக்கிறது. தரகர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, கடையையும் மூடவில்லை. ஏற்கெனவே யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்திருப்பவர்கள், விண்ணப்ப எண்ணை உடனே கேட்டு வாங்கி, அதன் நிலையையும் அதில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தர மறுத்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லியே விசாரிக்கலாம்.