கயாக் கூட்டுக்குள் தண்ணீர்: கைப்பம்பா, பேட்டரி பம்பா?

சிட்-ஆன்-டாப் மீன்பிடி கயாக்கின் (மூடிய கூட்டின் மேல் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு) மேல்தளத்தில் ஏறும் தண்ணீரை ஸ்கப்பர் துளைகள், அதாவது தளத்திலிருந்து அடிப்பாகம் வரை குழாயாக ஊடுருவும் வடிகால்கள், பார்த்துக்கொள்ளும். தொல்லை அதற்குக் கீழே, மூடிய கூட்டுக்குள் சேரும் தண்ணீர்தான். இந்த வகைக் கயாக்குகளில் பெரும்பாலும் உள்ளே குறுக்குத் தடுப்பு கிடையாது, முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே அறை. 20 லிட்டர் புகுந்தால் 20 கிலோ பாரம் ஏறும். அதைவிட மோசம், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும்.

கரை திரும்பியதும் ஒரு குவளை வடிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளே காற்று குளிர்ந்து வியர்ப்பதாலும், ஹேட்ச் (கூட்டுக்குள் கைவிடும் திறப்பு) மூடியின் ரப்பர் ஓரத்தில் கசிவதாலும் அவ்வளவு சேரும். டிரெயின் பிளக்கை (வடிகால் அடைப்பானை) திறந்து, அது இருக்கும் முனையைத் தாழ்த்திப் பிடித்தால் போதும். நீரில் இருக்கும்போதே வெளியேற்ற வேண்டிய நிலைக்குத்தான் பம்பு. ஸ்பாஞ்ச் எப்படியும் வேண்டும். இரண்டு பம்புகளுமே அடியில் ஒரு விரற்கடை தண்ணீரை விட்டுவிடும்.

வேகத்தில் பேட்டரி பம்பு முந்தும், ஆனால் கைப்பம்பும் சமாளித்துவிடும். மணிக்கு 500 கேலன் என்று விற்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்பு (கூட்டின் அடியில் வைக்கும் பேட்டரி பம்பு) நிமிடத்துக்குச் சுமார் 31 லிட்டர் தள்ள வேண்டும். ஹோஸின் உயரமும் வளைவும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். 5 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. இழுப்பும் உள்ள கைப்பம்பு ஓர் இழுப்புக்கு அரை லிட்டருக்கு மேல் தூக்கும். 20 லிட்டருக்கு ஏறக்குறைய 40 இழுப்பு. கை வலிக்கும், ஆனால் இரண்டு மூன்று நிமிட வேலைதான்.

அப்படியிருந்தும் நான் கைப்பம்பின் பக்கம் நிற்பதற்குக் காரணம் பராமரிப்பு. பேட்டரி பம்பு பல நாள் சும்மா கிடந்து, என்றோ ஒருநாள் ஓட வேண்டிய சாமான். உப்புநீரில் சும்மா கிடப்பதே அதற்கு எமன். சாதாரணச் செம்புக் கம்பியில் இணைப்பு வழியாக ஈரம் ஏறி, உறைக்குள்ளேயே கறுத்துப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. வெள்ளீயம் பூசிய கம்பி, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாய், பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் என்று ஒழுங்காகச் செய்தாலும், ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, ஒரு வாளி நீரில் ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். மணல், செதில், தூண்டில் நரம்புத் துண்டு, மிதவைக்காக உள்ளே திணித்த ஃபோமின் உதிரி எல்லாம் அதன் வடிகட்டியில்தான் போய் அடையும். நரம்பு சுழலியில் சுற்றிவிட்டால் மோட்டார் நின்று ஃபியூஸ் போகும். இதெல்லாம் நடப்பது கைக்கு எட்டாத இடத்தில்.

போதாததற்கு, தண்ணீரை வெளியே விட கூட்டின் பக்கச் சுவரில் புதிதாக ஒரு துளை போட வேண்டும். அதை நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைத்து, உள்ளே ஹோஸை அதற்கும் மேலே ஒரு வளைவு கொடுத்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஏறிப் படகு தாழும்போது அதே வழியாகத் தண்ணீர் திரும்பி வரும். கூட்டின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனில் சிலிக்கான் பசை ஒட்டி நிற்காது. ரப்பர் வாஷரை இறுக்கித்தான் அடைக்க வேண்டும், அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறியதும் பம்பைத் தானாக ஓட்டும் ஃப்ளோட் சுவிட்ச் வைத்தால் இன்னொரு ஆபத்து: ஸ்கப்பர் குழாயில் விழுந்த விரிசல் வளர்ந்துகொண்டே போகும், பம்பு அதைச் சத்தமில்லாமல் மறைத்துவிடும்.

கைப்பம்புக்கு வேண்டியது நன்னீர் அலசலும், பிஸ்டன் ரப்பரில் கொஞ்சம் சிலிக்கான் கிரீசும். அடைத்தால் உருவிப் பார்த்து அங்கேயே சரிசெய்யலாம். வாங்குமுன் நடு ஹேட்ச் வழியாக அடித்தரை வரை அளந்துகொள்ளுங்கள். சில கயாக்குகளில் ஹேட்சுக்குக் கீழே பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அது கழலாவிட்டால் பம்பு உள்ளே போகாது. மிதவை உறை உள்ளதாகவும், வெளிவாயில் குட்டை ஹோஸ் மாட்டக்கூடியதாகவும் பாருங்கள். ஹோஸ் இல்லாவிட்டால் இறைத்த தண்ணீர் மடியில்தான் விழும். தண்ணீர் பின்பக்கம் தேங்கி நின்றால், முன்னால் குனிந்து எடையை மாற்றினால் ஹேட்சுக்குக் கீழே வந்து சேரும்.

இதன் குறை ஒன்றே ஒன்று, ஆனால் சின்னக் குறை இல்லை: இறைக்க ஹேட்சைத் திறக்க வேண்டும். அலை மேலே ஏறும் கடலில் திறந்த ஹேட்ச் வழியாக, நீங்கள் இறைப்பதைவிட அதிகமாகவே உள்ளே வரும். அலை உடையும் கரையில் தினமும் இறங்கி ஏறுபவர், மீன் தேடும் கருவிக்காக ஏற்கெனவே 12 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவர் பேட்டரி பம்பு போட்டால் அதில் தவறு சொல்ல மாட்டேன். ஃப்ளோட் சுவிட்ச் வேண்டாம், கையால் போடும் சுவிட்ச் போதும்.

எந்தப் பம்பானாலும், குவளைக் கணக்கு லிட்டர் கணக்கானால் கசிவைத் தேடுங்கள். கயாக்கை இரண்டு ஸ்டாண்டில் ஏற்றி, டிரெயின் துளையில் ஒரு ஹோஸைத் துணி சுற்றிச் செருகி, ஊதுவிசிறி அல்லது வாய் அளவுக் காற்றே கொடுத்து, சோப்பு நுரை தடவுங்கள். கம்ப்ரசர் வைத்தால் கூடு புடைத்துவிடும். முதலில் ஸ்கப்பர் குழாய்களின் அடிவிளிம்பு, அடுத்து சுக்கான் கயிறு நுழையும் துளை, பிறகு தூண்டில் தாங்கியின் திருகுகள். திருகுத் துளையில் கசிந்தால் ரப்பர் வெல்நட் (திருகை முறுக்கினால் புடைத்துத் துளையை அடைக்கும் நட்டு) மாற்றினால் சரியாகும். குழாயிலேயே விரிசல் என்றால் அதே பிளாஸ்டிக் கம்பியால் வெல்டிங்தான், எபாக்சி பசை சீக்கிரமே உரிந்து வந்துவிடும்.